குன்னூர் வெலிங்டன்: ஜெகதளாவிலிருந்து பேரக்ஸ் வரை

கேள்வி இதுதான்: "குன்னூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். வெலிங்டன் கடைவீதிப் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. வீட்டுக்காரர் ஏதோ 'ஓல்டு கிராண்ட்' என்கிறார். வெலிங்டன் என்பது குன்னூரின் ஒரு பகுதியா, தனி ஊரா? பக்கத்தில் ஜெகதளா, அருவங்காடு என்றெல்லாம் தமிழ்ப் பெயரும் படுகர் பெயருமாக இருக்க, இதற்கு மட்டும் ஆங்கிலப் பிரபுவின் பெயர் எப்படி வந்தது?"

நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடைவீதியில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஊட்டி சாலையில் மூன்று கிலோமீட்டர் வந்தால், பலகையைப் படிக்காமலேயே எல்லை மாறியது தெரிந்துவிடும். மரங்களின் அடியில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். நடைபாதைக் கற்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்கும். அங்கே குன்னூர் நகராட்சி முடிந்து கன்டோன்மென்ட் என்னும் ராணுவக் குடியிருப்புப் பகுதி தொடங்குகிறது. இது நகராட்சியின் வார்டு கிடையாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனி வாரியம் இதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் இரண்டுதான். சென்னையில் பரங்கிமலை–பல்லாவரம் ஒன்று, மலைமேல் எங்கள் வெலிங்டன் ஒன்று. ஆகவே சந்தைக்கும் சினிமாவுக்கும் குன்னூரை நம்பி வாழ்ந்தாலும் வரி கட்டும் கணக்கில் நாங்கள் தனி ஊர். எங்கள் பாட்டியிடம் யாராவது "குன்னூரா?" என்று கேட்டால், "குன்னூர் கீழே இருக்கிறது" என்பார். அந்தக் 'கீழே'யில் உயரக் கணக்கு மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பெயருக்கு வருகிறேன். வெலிங்டனுக்கு முந்தைய பெயர் ஜெகதளா. பழைய ராணுவப் பதிவுகளில் ஆங்கிலேயர் வாய்க்கு வந்தபடி ஜக்கடல்லா என்று எழுதியிருப்பார்கள். அது சரிவுக்கு மேலே இருக்கும் படுகர் ஊரின் பெயர். கீழே இருந்த புல்வெளிக்கும் சதுப்புக்கும் அப்போது தனிப் பெயர் வைத்து அழைக்கும் தேவை இருந்திருக்காது. ஊரின் பெயரே சுற்று நிலத்துக்கும் பெயர். பட்டாளம் வந்து அந்த நிலத்தில் இறங்கியபோது 'ஜக்கடல்லா பாசறை' என்றுதான் அதற்குப் பெயர். 1852ல் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடிய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1860 வாக்கில் வெலிங்டன் என்று பெயர் மாறியது.

அந்த வெலிங்டன் பிரபு, ஆர்தர் வெல்லெஸ்லி, இந்த மலையில் கால் வைத்தவரல்லர். அவர் இந்தியாவை விட்டுக் கப்பல் ஏறியது 1805ல். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819ல். அதற்குள் வெல்லெஸ்லி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் சம்பந்தமே இல்லாத பெயர் என்று தள்ளிவிட முடியாது. 1799ல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகுதான் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போயிற்று. அந்தப் போரில் படை நடத்தியவர்களில் வெல்லெஸ்லியும் ஒருவர். அவர் இறந்தது 1852 செப்டம்பரில், அதாவது இங்கே அடித்தளம் தோண்டத் தொடங்கிய அதே ஆண்டில். செத்த தளபதிக்கு மரியாதை செய்யப் புதிதாக எழும்பும் பாசறையைவிட வசதியான இடம் கிடைக்காது. ஜெகதளாக்காரர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜெகதளா அழிந்துவிட்டதாகச் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது எங்கும் போகவில்லை. இன்றைக்கு அது ஒரு பேரூராட்சி. சொல்லப்போனால் அருவங்காட்டின் பெரும்பகுதி அந்தப் பேரூராட்சிக்குள்தான் வருகிறது. மார்கழிக் குளிரில் ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தலைப்பாகையுமாக ஆண்களும், வெள்ளை முண்டு போர்த்திய பெண்களுமாகச் சரிவு முழுக்க வெண்மையாகிவிடும். கீழே ராணுவப் பச்சை, மேலே படுகர் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மைல்கூட இருக்காது.

பட்டாளம் ஏன் இங்கே வந்தது என்பதைக் குளிர், அழகு, இயற்கைக் காட்சி என்று சுற்றுலாப் புத்தகம்போலச் சொல்வார்கள். காரணம் சாவு. அந்தக் காலத்தில் சமவெளியில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களைச் சண்டையைவிட வயிற்றுப்போக்கும் காலராவும் காய்ச்சலும்தான் அதிகம் கொன்றன. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய்ந்த அரச ஆணையம் 1863ல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று கணக்குச் சொன்னது. அறிக்கை வருவதற்கு முன்பே சென்னை ராஜதானிக்காரர்களுக்கு இது தெரியும். சவப்பெட்டி வாங்கியவர்கள் அவர்கள்தானே. ஊட்டியில் ஏற்கெனவே நோயாளிச் சிப்பாய்களை வைத்துப் பார்த்தார்கள். 2,200 மீட்டருக்கு மேல் இருந்த அந்த ஈரக் குளிர் எல்லா நோய்க்கும் ஒத்துவரவில்லை. வெலிங்டன் ஏறத்தாழ 1,850 மீட்டர். காய்ச்சல் ஏறாத உயரம், நுரையீரல் நோகாத குளிர். இதுதான் பேரக்ஸ், அதாவது அந்தப் பாசறை, பிறந்த கதை.

பேரக்ஸ் என்றால் எங்கள் ஊரில் அந்த ஒரு கட்டடம்தான். நீண்ட தாழ்வாரங்களோடு மேட்டில் நிற்பது. பிற்காலத்தில் ஜெனரல் ஸ்ரீநாகேஷ் நினைவாக அதற்கு ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். இருந்தாலும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. "பேரக்ஸ் ஒன்று" என்றால் நடத்துநருக்குப் புரியும். பாய்ஸ் கம்பெனி, சப்ளை டிப்போ, பிளாக் பிரிட்ஜ் என்று எங்கள் நிறுத்தங்கள் எல்லாமே இப்படித்தான். தமிழ் மட்டும் தெரிந்த கிழவிகூட "பாய்ஸ் கம்பெனியில் இறக்கிவிடு சாமி" என்பாள். மலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மண்ணின் பெயராகி நான்கு தலைமுறை ஆயிற்று.

வெலிங்டனின் வரலாற்றைப் படைப்பிரிவுகளின் பட்டியலாக எழுதுவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. படைப்பிரிவு மூன்று ஆண்டு இருக்கும், மாற்றலாகிப் போகும். போகாமல் இருந்தது கடைவீதி. ஆயிரம் பேர் தங்கும் இடத்துக்கு ரொட்டி சுட ஆள் வேண்டும், துணி வெளுக்க வேண்டும், தைக்க வேண்டும், லாடம் அடிக்க வேண்டும், பால் கறக்க வேண்டும். இந்த வேலைகளுக்காகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நாங்கள். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873ல். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் நடந்தோ மாட்டு வண்டியிலோ மலைப்பாதையில் ஏறி வந்தவர்கள்.

எங்கள் வீட்டுத் தொழில் பெட்டி. நாங்கள் பெட்டிக்கடை வைத்திருந்தோம் என்று சொன்னால் வெற்றிலை பாக்குக் கடை என்று நினைப்பார்கள். எங்களுடையது உண்மையிலேயே பெட்டி விற்கிற கடை. ராணுவத்தார் சாமான் கொண்டுபோகும் கறுப்பு டிரங்குப் பெட்டி. ஆண்டுதோறும் ஏப்ரலில், ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடியும். ஜூனில் அடுத்த கூட்டம் வரும். அந்த இரண்டு பருவங்களிலும் அப்பாவுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. புதுப் பெட்டி வாங்குபவர்கள் குறைவு. பழைய பெட்டியைக் கொண்டுவந்து எழுத்தை மாற்றச் சொல்வார்கள். உப்புத்தாளால் பழைய பெயரைத் தேய்த்து, மேலே ஒரு கை கறுப்பு அடித்து, காய்ந்ததும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, வெள்ளையில் எழுத வேண்டும். பதவி, பெயர், போகிற ஊர். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் எழுதிய ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் சாயாது. நான் பள்ளியில் இந்திய வரைபடம் படிக்கும் முன்பே பதான்கோட், ஜோர்ஹாட், லே என்ற பெயர்கள் எல்லாம் பெட்டிமேல் படித்துத்தான் தெரியும். பழைய பெட்டிகளில் வண்ணத்தை ஆழமாகச் சுரண்டினால் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று நான்கு ஊர்கள் தென்படும். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. "முந்தினவன் சரியாகத் தேய்க்கவில்லை" என்பார்.

இனி உங்கள் ஓல்டு கிராண்ட். கன்டோன்மென்ட் நிலத்தைக் கம்பெனி காலத்திலேயே விற்காமல், "வீடு கட்டிக்கொள், நிலம் எங்களுடையது" என்று கொடுத்தார்கள். அதிகாரிகள் தங்க பங்களாக்களும் படைக்குச் சேவை செய்யக் கடைகளும் வேண்டும்; ஆனால் நாளைக்கே நிலம் தேவைப்பட்டால் வழக்காட முடியாது. இந்தக் கணக்குத்தான் ஓல்டு கிராண்ட். கட்டடம் உங்களுக்குச் சொந்தம், கீழே உள்ள மண் அரசுக்குச் சொந்தம். அரசு நினைத்தால் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து, கட்டடத்துக்கு இழப்பீடு தந்து, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்கவும், இரண்டாகப் பிரிக்கவும், அறை கூட்டிக் கட்டவும் அனுமதி வேண்டும். 1902லும் 1923லும் வந்த சட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ராணுவ அதிகாரிக்கு வீடு தேவை என்றால் தனியார் வீட்டையே குத்தகைக்கு எடுத்துக்கொள்ள அவை வழி செய்தன. வெலிங்டனில் பழைய வீடுகள் பழையபடியே நிற்பதைப் பார்த்து "பாரம்பரியத்தை எவ்வளவு அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்" என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அந்தப் பெருமையில் பாதி எங்களுக்குச் சேராது. இடித்துக் கட்ட விடாத சட்டத்துக்குச் சேரும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ல் வந்தது. அங்கே ஒன்பது ஆண்டுகள் நின்று மூச்சு வாங்கிவிட்டு 1908ல் ஊட்டி போய்ச் சேர்ந்தது. குன்னூரைத் தாண்டியதும் முதல் நிலையம் வெலிங்டன், அடுத்தது அருவங்காடு. பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிந்துவிடுவதால் எங்கள் பகுதியில் வண்டி சாதாரணத் தண்டவாளத்தில்தான் ஓடும். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அது சுற்றுலாப் பயணிகளின் வண்டியாகிவிட்டது. முன்பு கூடையும் பால் கேனும் ஏறிய வண்டி அது.

அருவங்காட்டைச் சேர்க்காமல் வெலிங்டன் கதை நிறைவாகாது. 1903ல் அங்கே கார்டைட் தொழிற்சாலையை அமைத்து அடுத்த ஆண்டே உற்பத்தியைத் தொடங்கினார்கள். கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து. நைட்ரோகிளிசரினையும், அமிலத்தில் ஊறவைத்த பஞ்சையும், கொஞ்சம் வாஸ்லினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல நூல்நூலாகப் பிழிந்து காயவைப்பார்கள். கயிறுபோல இருப்பதால்தான் அந்தப் பெயர். இந்த வேலைக்குச் சூடு ஆகாது. வெயில் கொளுத்தும் சமவெளியைவிட மலைச்சரிவு பாதுகாப்பு. ஒரு கொட்டகை வெடித்தாலும் அடுத்ததைத் தொடாதபடி மேடு பள்ளம் தடுக்கும். ஓடையில் தண்ணீர் உண்டு. மின்சாரத்துக்குக் காட்டேரி அருவியையே கட்டிப்போட்டு நீர்மின் நிலையம் வைத்தார்கள். ஊட்டி போகிற பயணிகள் அந்த அருவியைப் படம் எடுப்பார்கள். அது வேலைக்குப் போன அருவி என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எங்கள் தாத்தா அந்தத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். பீடியும் தீப்பெட்டியும் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கணம் நின்று சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அருவங்காட்டுச் சங்குதான் வெலிங்டனுக்கும் கடிகாரம். காலைச் சங்குக்கு உலை வைத்தார்கள், மாலைச் சங்குக்கு விளக்கு ஏற்றினார்கள். பேரக்ஸ் பக்கம் பியூகிள் ஊதும், அருவங்காட்டுப் பக்கம் சங்கு ஊதும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எதை நம்புவது என்று கடைவீதியில் சர்ச்சை நடக்கும். 2021 அக்டோபரில் நாட்டின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது இது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. தாத்தா இருந்திருந்தால் அந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அது 'கார்டைட்'தான்.

1947ல் வெள்ளைக்காரன் போனதும் வெலிங்டன் காலியாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பிரிவினையில் குவெட்டாவிலிருந்த ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியாவுக்குப் புதிதாக ஒன்று வேண்டும், அதற்குக் கட்டடம் வேண்டும். இங்கே கட்டடம் இருந்தது. அப்படி வந்ததுதான் பாதுகாப்புப் பணிகள் ஸ்டாஃப் காலேஜ். அதே ஆண்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும் இங்கே வந்து அமர்ந்தது. கடைவீதிக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய மாற்றம். அதுவரை எதிரில் நின்று சாமான் வாங்கியவன் மொழி தெரியாத சிப்பாய். அதன் பிறகு வந்த பையன்கள் நாகர்கோவில், பாலக்காடு, நெல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். "அண்ணாச்சி, ஒரு பாலிஷ் டப்பா" என்று கேட்டால் கடனும் கொடுக்கத் தோன்றும் அல்லவா? பயிற்சி முடிந்து கசம் பரேடு என்னும் உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும் நாளில் ஊரிலிருந்து அப்பா அம்மா, தங்கை, பெரியப்பா என்று வேன் வைத்து வருவார்கள். ஸ்வெட்டர் இல்லாமல் வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, மைதானத்திலிருந்து "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்ற முழக்கம் எழும்போது அந்தத் தாய்மார்கள் முகம் போகிற போக்கை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மகனின் தொண்டையிலிருந்து அந்தச் சொல் வருவதை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

பெரிய மனிதர்கள் என்று பார்த்தால் சாம் மானெக்‌ஷாவைச் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் காலேஜின் தலைவராக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வீடு கட்டிக்கொண்டவர். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் அவர் உயிர் பிரிந்தது. ஊட்டியில் பார்சி இடுகாட்டில், மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இந்தியாவின் முதல் ஃபீல்டு மார்ஷலுக்கு டில்லியில் அல்லாமல் இந்த மலையில் கல்லறை என்பதை ஊட்டி பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

2021 டிசம்பர் 8 அன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் விடவும் முடியாது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் ஸ்டாஃப் காலேஜில் உரையாற்ற சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தார். காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில், சில நிமிடப் பறப்பு மீதியிருக்கையில் விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிப் பிறகு இறந்தார். முதலில் ஓடிப்போனவர்கள் நஞ்சப்பசத்திரத்துக் கூலித் தொழிலாளர்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்கள், வீட்டில் இருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். மலையில் குளிர்காலத்தில் கம்பளியைக் கொடுப்பது என்றால் என்ன என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு உடல்கள் போனபோது சாலை நெடுக மக்கள் பூத் தூவினார்கள். எங்கள் கடைவீதி அன்று போலச் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது கன்டோன்மென்ட்டே இருக்குமா என்ற பேச்சு நடக்கிறது. 2023ல் இமாச்சலத்தின் யோல் என்ற ஊரை முதலில் விடுவித்தார்கள். மற்ற ஊர்களிலும் ராணுவப் பகுதியைத் தனியே நிறுத்திக்கொண்டு, பொதுமக்கள் வாழும் பகுதியைப் பக்கத்து உள்ளாட்சியோடு சேர்ப்பது திட்டம். அதே 2023ல் பிப்ரவரியில் நாடெங்கும் 57 வாரியங்களுக்குத் தேர்தல் அறிவித்து மார்ச்சிலேயே ரத்தும் செய்துவிட்டார்கள். சுவரில் சின்னம் வரைய வெள்ளையடித்தவர்களுக்கு அந்தச் செலவுதான் மிச்சம். கடைவீதியைக் குன்னூர் நகராட்சியோடு சேர்ப்பது பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. இளைஞர்களுக்கு மாடி கட்ட வேண்டும், வங்கியில் கடன் வாங்க வேண்டும். சேர்ந்தால் நல்லது என்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்குக் குப்பை வண்டி நேரத்துக்கு வருவது போய்விடுமோ என்ற கவலை. நான் இளைஞர்கள் பக்கம். நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டின் மண் சொந்தமில்லை என்பது காலம் கடந்த ஏற்பாடு.

வீட்டு விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், ராணுவ நிலப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கான பக்கத்தின் நகலை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சர்வே எண், பரப்பு, நிலத்தின் உரிமையாளர், குடியிருக்கும் உரிமை யாருக்கு, அது எந்த வகை உரிமை என்று தனித்தனிப் பத்தியாக இருக்கும். 'நில உரிமையாளர்' பத்தியில் இந்திய அரசு என்று இருந்தால் நீங்கள் வாங்குவது சுவரும் ஓடும் மட்டுமே என்று புரிந்துகொண்டு விலை பேசுங்கள். குடியிருப்பு உரிமை, வீட்டுக்காரரின் தாத்தா பெயரிலேயே நின்றுகொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான். பெயர் மாற்றிய பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். இரவில் வீடு பார்க்கப் போக வேண்டாம். ஆறு மணிக்கு மேல் காட்டெருமைகள் மேட்டிலிருந்து இறங்கிக் கடைவீதிக்குப் பின்னால் மேயும். அவை ஒதுங்கி வழி விடுகிற ஜாதி கிடையாது.